வறுத்த பச்சைத் தேயிலையும் நுரைத்த பாலும்

பெங்களூரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் விருந்தினர் வந்து அமர்ந்தவுடன் எழும் முதற் கேள்வி, "காபியா, டீயா?" என்பதாகும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பானம் அண்மைக் காலத்தில் இந்நகரில் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. இந்திராநகர், கோரமங்கலா முதலிய பகுதிகளிலுள்ள புதுமாதிரிக் காபிக் கடைகளின் விலைப் பலகைகளில் 'ஹோஜிச்சா லாட்டே' என்று எழுதியிருப்பதை நேயர்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். பார்வைக்குப் பால் மிகுந்த காபியைப் போல இருக்கும்; மேலே மெல்லிய வெண்ணுரை படர்ந்திருக்கும். முகர்ந்தாலோ காபியின் மணமும் இல்லை, நாம் அறிந்த தேநீரின் மணமும் இல்லை. வேர்க்கடலை வறுபடும் இடத்துக்கு அருகே நிற்பது போன்றதொரு வாசனை எழும். விலையைக் கேட்டால், அதே தொகையில் ஒருவர் பசவனகுடிப் பக்கத்துச் சிற்றுண்டிச் சாலையில் இட்லி, வடை, காபி மூன்றையும் முடித்துக்கொண்டு மீதிச் சில்லறையுடன் வீடு திரும்பலாம் என்று தோன்றும்.

இப்பானத்தைத் தயாரிப்பதற்கு இரண்டே வேலைகள்தாம் தேவை. ஒன்று, பச்சைத் தேயிலையைப் பக்குவமாக வறுப்பது. மற்றொன்று, பாலை அளவோடு சூடேற்றி நுரைக்கச் செய்வது. வறுப்பதும் ஆற்றுவதும் தமிழர் சமையலறைக்குப் புதியன அல்ல. அப்படியிருக்க, கடல் கடந்து வந்த சிறு பொட்டலத்திற்குப் பெரும் பொருள் கொடுத்துத்தான் இதனைப் பருக வேண்டுமா என்பதே நாம் ஆராய விரும்பும் விஷயம்.

காபியின் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் இது. காபி வாரியத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. சிக்கமகளூரும் குடகும் ஒரு பகல் பயணத்தில் அடையக்கூடியவை. அத்தகைய நகரில் ஜப்பானியர் தேநீருக்கு இடம் கிடைத்ததற்கு வாலிபர்களின் புதுமை நாட்டம் ஒரு காரணம். மற்றொரு காரணம், ஜப்பானியத் தொழில் நிறுவனங்கள் இங்கே வேரூன்றியமை. நகருக்குத் தென்மேற்கே பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை 1999 ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. அது முதற்கொண்டு ஜப்பானியக் குடும்பங்களும், அவர்களை நாடி ஜப்பானிய உணவகங்களும் மளிகைப் பண்டங்களும் வந்து சேர்ந்தன.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதைக் கடந்து செல்ல மனம் வருவதில்லை. ஜப்பானிய மொழியில் 'ஹோஜிரு' என்றால் வறுத்தல். 'ச்சா' என்றால் தேயிலை. ஆகவே ஹோஜிச்சா என்பது 'வறுதேயிலை' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சீன நாட்டில் ஒரே இலைக்கு இரண்டு உச்சரிப்புகள் வழங்கின. பூக்கியென் கரையோரத்தில் 'தே' என்றனர். பிற பகுதிகளில் 'ச்சா' என்றனர். கரையோரத்துச் சொல் கப்பலேறி ஐரோப்பியர் வாயிலாக நம்மை அடைந்தது. அதனுடன் 'இலை'யைச் சேர்த்து நாம் தேயிலை என்றோம். கன்னடத்தாரின் 'சஹா'வும் மலையாளத்தாரின் 'சாயா'வும் ஜப்பானியரின் 'ச்சா'வும் மற்றொரு வழியில் வந்தவை. பெங்களூர்ச் சந்தையில் தமிழர் ஒருவர் தேயிலை என்று கேட்க, கடைக்காரர் சஹா என்று எடுத்துக் கொடுக்கும்போது, சீனத்தின் இரண்டு வாய்மொழிகளும் ஒரே தராசில் வந்து நிற்கின்றன!

நிற்க. பச்சைத் தேயிலைக்கும் நாம் நாள்தோறும் கொதிக்க வைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் செடி ஒன்றே. பறித்த கொழுந்தைக் கசக்கிக் காற்றுப்படும்படி விட்டால், இலையிலுள்ள நொதிப்பொருள் வேலை செய்து இலை செம்பழுப்பாக மாறும். அதுவே கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சூடு காட்டி அந்நொதியை அடக்கிவிட்டால் பசுமை நிலைக்கும். சீனர் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வாட்டுகின்றனர். ஜப்பானியர் நீராவியில் அவிக்கின்றனர். உஜி வட்டாரத்தைச் சேர்ந்த நகத்தானி சோயென் என்பவர் 1738 ஆம் ஆண்டில் அவித்து, உருட்டி, உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்பது அந்நாட்டுத் தேயிலை வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சி.

வறுதேயிலை அதற்கு மிகவும் பிற்பட்டது. 1920களில் கியோட்டோ நகரத்து வணிகர்கள் இதனைப் பரவலாக விற்கத் தொடங்கினர். முதல் தரமான இளங்கொழுந்தை வறுக்க எவருக்கும் மனம் வராது. பருவத்தின் பிற்பகுதியில் பறிக்கும் முற்றல் இலை, சலிக்கும்போது ஒதுங்கும் காம்பு, நரம்பு ஆகியவை மலிவாகத் தேங்கிக் கிடந்தன. அவற்றைக் கனலில் வறுத்தபோது துவர்ப்பு அடங்கி மணம் பிறந்தது. கடையின் வாயிலிலேயே வறுப்பது வழக்கமாயிற்று. தெருவில் போவோரை அம்மணமே உள்ளே அழைத்துவிடும். காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைகளின் முன்னே நடந்து பழகிய நமக்கு இந்த வியாபாரத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. ஆக, இன்று உயர்குடிப் பானமாகக் காட்சியளிக்கும் இது, சிக்கனத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

நெருப்பு இலையில் என்ன செய்கிறது என்பதைச் சிறிது கவனிப்போம். ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் இலையின் அமினோ அமிலங்களும் சர்க்கரைப் பொருள்களும் கூடிப் புதிய மணப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றன. அவற்றுள் பைரசின் என்னும் வகையே தலையாயது. வறுத்த காபிக்கொட்டை, வறுத்த எள், வேர்க்கடலை ஆகியவற்றில் நாம் நுகர்வதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. துவர்ப்பைத் தரும் காட்டெகின் பொருள்கள் குறைகின்றன. பச்சை நிறம் சிதைந்து பாக்கு நிறம் வருகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டியிருக்கிறது. வறுதேயிலையில் காபீன் அறவே இல்லை, ஆகையால் இரவு படுக்கப் போகுமுன்பும் தாராளமாகப் பருகலாம் என்று விளம்பரப்படுத்துவோர் உண்டு. காபீன் 178 டிகிரி வெப்பத்தில் ஆவியாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் சில நிமிட வறுப்பில் முழுவதும் பறந்துவிடுவதில்லை. ஜப்பானிய அரசின் உணவுச் சத்துப் பட்டியல் 100 கிராம் வடிநீருக்குத் தரும் கணக்கு இது: வறுதேயிலையில் 20 மில்லிகிராம், சாதாரணப் பச்சைத் தேநீரிலும் அதே 20, கறுப்புத் தேநீரில் 30, காபியில் 60. காபியோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பால் சேர்ப்பதற்காக டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கும்போது இக்கணக்கும் உயரும். பொடியாக அரைத்து அப்படியே கலக்கினாலோ இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. வடிகட்டியில் தங்குவது ஏதுமில்லை. மருத்துவர் காபியை நிறுத்தச் சொன்ன பெரியவர்கள் இதைக் கருத்தில் கொண்டே மாலை நேரத்துக் கோப்பையை அளந்துகொள்ள வேண்டும்.

இனி இலைக்கு வருவோம். நீலகிரியில் விளையும் தேயிலையின் பெரும்பகுதி குருணை வடிவமான கறுப்புத் தேயிலையாகவே ஆலைகளிலிருந்து வெளிவருகிறது. எனினும் பச்சைத் தேயிலை செய்யும் ஆலைகளும் அங்கே உண்டு. பெங்களூர் மளிகைக் கடைகளில் நீலகிரிப் பச்சைத் தேயிலை கேட்டால் கிடைக்கும். ஊட்டி, குன்னூர் வழியாக ஊருக்குப் போய்வருவோர் நேரிலேயே வாங்கிவரலாம். இலை வடிவில் இருப்பதாகவும், எலுமிச்சை, துளசி முதலிய வாசனை ஏதும் சேராததாகவும் பார்த்து வாங்க வேண்டும். காம்பு கலந்திருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். காம்பில்தான் இனிப்பு இருக்கிறது. நீராவியில் அவித்த ஜப்பானிய இலையின் சுவை அப்படியே இதில் வரும் என்று நாம் சொல்லவில்லை. மணம் சற்று மெலிந்தும் முடிவில் லேசான துவர்ப்புடனும் இருக்கும். பால் சேர்ந்த பிறகு அந்த வேற்றுமை பெரிதும் மறைந்துவிடுகிறது என்பது நம் அனுபவம்.

நீலகிரி என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அம்மலைகளில் தேயிலை வெறும் வாணிபப் பயிரன்று. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்கவே அங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நடப்பட்டன. 1976 ஆம் ஆண்டில் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நிலையோ இன்னும் நெருக்கடியானது. ஓர் அரும்பும் இரண்டு இலையுமாகக் கிள்ளிய கொழுந்துக்கே கட்டுப்படியாகும் விலை கிடைப்பதில்லை என்று 2023 ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். முற்றல் இலை கலந்துவிட்டாலோ ஆலையில் முகச்சுளிப்புத்தான். கியோட்டோ வணிகர்கள் பணமாக்கியது அந்த முற்றல் இலையையும் காம்பையும்தான். ஒரு பானத்தால் நீலகிரியின் துயர் தீர்ந்துவிடும் என்று கூறுவது மிகை. ஆயினும் பெங்களூர்க் கடைகள் கப்பலில் வரவழைக்கும் ஒரு பண்டத்தை, பேருந்தில் ஒரு பகலில் எட்டக்கூடிய மலையிலேயே செய்ய முயன்றால் என்ன என்று கேட்பதில் தவறில்லை.

வறுக்கும் முறையைச் சொல்கிறோம். ஜப்பானிய வீடுகளில் இதற்கென்று கைப்பிடியுள்ள ஒரு சிறு மண்பாத்திரம் இருக்கும். நமக்கு மண்சட்டியோ கனமான இரும்பு வாணலியோ போதும். தாளித்த வாணலி ஆகாது. மிளகாய் நெடியையும் எண்ணெய் வாடையையும் தேயிலை நொடியில் இழுத்துக்கொள்ளும். சட்டியை மிதமான தணலில் காயவைத்து, 20 கிராம் இலையை இட்டு, தீயைக் குறைத்து, இடைவிடாது குலுக்கியோ மரக்கரண்டியால் புரட்டியோ வர வேண்டும். முதல் இரண்டு நிமிடம் வைக்கோல் வாடை வரும். பிறகு சிறிது நேரம் ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து தீயைக் கூட்டிவிடுகின்றனர். இலையின் ஓரம் கருகி நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். அவசரப்படாமல் புரட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் கடலை மணம் எழும். காம்புகள் லேசாகப் பருக்கும். நிறம் கொட்டைப்பாக்கை ஒத்திருக்கும். புகை கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னதாக இறக்கி, உடனே வேறு தட்டில் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சட்டியின் சூடு மேற்கொண்டு வறுத்து இலையைக் கெடுத்துவிடும். நன்கு ஆறியபின் மூடியிறுகிய டப்பாவில் அடைத்து வைத்து, பதினைந்து நாளுக்குள் செலவழித்துவிடுவது நலம். வறுத்த மணம் நெடுநாள் காத்திருக்காது.

கறுப்புத் தேயிலைத் தூளை இவ்வாறு வறுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர் இருக்கலாம். வேண்டாம். கருகல் வாடையும் கசப்புமே மிஞ்சும்.

டிகாக்ஷன் இறக்குவது எளிது. ஒருவருக்கு வறுத்த இலை 5 கிராம், அதாவது குவித்து அள்ளிய இரண்டு மூன்று தேக்கரண்டி. கொதிநீர் 80 மில்லி லிட்டர். பச்சைத் தேநீருக்குக் கொதிநீர் ஆகாது, ஆறிய வெந்நீரே வேண்டும் என்பது பொது விதி. துவர்ப்பு குறைந்துவிட்ட வறுதேயிலைக்கு அந்த விதி பொருந்தாது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பெங்களூரில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதுவே இதற்குப் போதுமானது. மூடி வைத்து மூன்று நிமிடம் ஊறியபின் வடிகட்ட வேண்டும். காபி பில்டரை இதற்குப் பயன்படுத்தினால், பெரிய இலைகளின் ஊடே நீர் கடகடவென இறங்கி, சாரம் இலையிலேயே தங்கிவிடும். ஒரு சிறு பாத்திரமும் வடிகட்டியுமே மேல். பொடியாகக் கிடைப்பதை வாங்கியவர்கள் 2 கிராம் அளவைச் சலித்து, இரண்டு மூன்று கரண்டி வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு பிறகு பாலை ஊற்ற வேண்டும். பாலில் நேரே தூவினால் கட்டி தட்டிவிடும். அதன் பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

பாலின் பக்குவம்தான் சற்று நுட்பமானது. கடையிலுள்ள இயந்திரம் குழாய் வழியே நீராவியைப் பாலுக்குள் பாய்ச்சுகிறது. நீராவி பாலைச் சூடாக்குவதோடு, சுழலச் செய்து காற்றையும் உள்ளிழுக்கிறது. பாலிலுள்ள புரதங்கள் அக்காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய போர்வையாக அமைந்து அவற்றை உடையாமல் காக்கின்றன. 60 முதல் 65 டிகிரி வரையில் நுரை வழவழப்பாகவும் பால் இனிப்பாகவும் இருக்கும். 70 டிகிரியைக் கடந்தால் காய்ச்சிய வாடை தலையெடுத்து வறுதேயிலையின் மென்மணத்தை விழுங்கிவிடும். நீராவி குளிர்ந்து நீராகிப் பாலிலேயே கலக்கிறது என்பதையும் அறிந்துகொள்வோம். குளிர்ந்த 150 மில்லி பாலை 65 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 மில்லி நீர் சேர்ந்துவிடும். கெட்டிப் பால் என்று நினைத்து நாம் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே!

வீட்டில் நீராவி இல்லை. ஆனால் டபராவும் டம்ளரும் இருக்கின்றன. நந்தினியின் நீலநிறப் பொட்டலத்துப் பாலில் கொழுப்பு 3 விழுக்காடு. கொழுப்பு குறைந்த பாலில் நுரை எளிதில் எழும். 6 விழுக்காடு கொழுப்புள்ள முழுப் பாலில் சுவை தடித்திருக்கும், நுரை சோம்பும். நாம் முன்னதையே பரிந்துரைக்கிறோம். கறந்த பாலாக வாங்குவோர் அதனைப் பொங்கக் காய்ச்சியே ஆகவேண்டும். அதில் சமரசம் கூடாது. காய்ச்சி, ஆடை நீக்கி, மறுபடி இளஞ்சூட்டுக்குக் கொண்டுவரலாம். பதப்படுத்திய பொட்டலப் பால் குளிர்ச்சி மாறாமல் இருந்திருந்தால், விளிம்பில் சிறு குமிழி கட்டி மெல்லிய ஆவி எழும் கட்டத்தில் இறக்கிவிடலாம். அப்போது அது 75 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு முழ உயரத்திலிருந்து ஐந்தாறு முறை டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றி ஆற்றினால் சூடு தானே 65க்கு இறங்கும், நுரையும் கட்டும். இவ்வாறு எழும் நுரையில் குமிழிகள் பெரியவை. டம்ளரை மேடைமீது இரண்டு தட்டு தட்டி, அரை நிமிடம் விட்டால் பெரியவை உடைந்து நுண்ணியவை நிற்கும். மோர் கடையும் சிறு மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கடைந்தால் இன்னும் நேர்த்தி. ஆனால் அந்த மத்தில் புளிப்பு வாடை ஒட்டியிருக்கக் கூடாது. இதற்கென்று தனி மத்து ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம்.

டிகாக்ஷன் 80 மில்லிக்குப் பால் 100 மில்லி என்பது நமக்கு ஏற்புடைய விகிதம். கடைகளில் பாலை மிகுதியாக ஊற்றுகின்றனர்; பெயருக்குத்தான் தேயிலை. கறுப்புத் தேநீரில் துவர்ப்பு மிகுதி. பாலின் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு தணிக்கிறது, இரண்டும் சமபலத்தில் நிற்கின்றன. வறுதேயிலையில் தணிப்பதற்கே துவர்ப்பு அதிகம் இல்லை. ஆகவே பால் சிறிது மிகுந்தாலும் மணம் அமிழ்ந்துபோகும். டிகாக்ஷனை முதலில் டம்ளரில் ஊற்றி, பாலை அதன்மேல் மெதுவாகச் சரித்து, நுரையைக் கடைசியில் கரண்டியால் தள்ளிவிட வேண்டும்.

இனிப்பு வேண்டுவோர் அரைக் கரண்டி சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். கருப்பட்டியின் புகைமணம் இதற்கு வெகு பொருத்தம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். அதனைச் சூடான டிகாக்ஷனில் கரைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டுமேயன்றி, கொதிக்கும் பாலில் இடலாகாது, பால் திரிந்துவிடக்கூடும். இஞ்சி, ஏலக்காய், மசாலா ஆகியவற்றுக்கு இங்கே வேலையில்லை. அவற்றைச் சேர்ப்பதானால் இவ்வளவு பொறுமையோடு இலையை வறுத்திருக்கவே வேண்டாம்.

இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், எந்தத் தேநீரையும் உணவோடு சேர்த்துப் பருகுவதைத் தவிர்க்க வேண்டும். தேயிலைத் துவர்ப்பு உணவின் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். வறுதேயிலையில் அது குறைவே தவிர, இல்லாமற் போகவில்லை. உணவுக்கும் இதற்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

வடிகட்டியில் தங்கிய இலையை உடனே எறிந்துவிட வேண்டாம். அதன்மேல் மறுபடி ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தால் இளஞ்செந்நிற நீர் இறங்கும். பால் அதற்குத் தேவையில்லை. ஆறவிட்டு மண்கூஜாவில் வைத்தால் கோடை நாளில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக்கூட ஒரு வாய் கொடுக்கலாம். முதல் ஊற்றிலேயே காபீனின் பெரும்பகுதி வெளியேறிவிட்டிருக்கும்.